நாஸ் ஸ்டோரேஜில் கோடிக்கணக்கான கோப்புகளை அழிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

500 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை நாஸ் (நெட்வொர்க் வழியாகப் பலரும் பகிரும் கோப்புச் சேமிப்பகம்) சர்வரிலிருந்து அழிக்கக் கண் சிமிட்டும் நேரம் போதும். அதே 500 ஜிபி, தலா 50 கேபி வீதம் 1 கோடி கோப்புகளாகச் சிதறிக் கிடந்தால் ஒரு இரவு போதாமல் போகலாம். அழிக்கும் வேலையில் அளவு முக்கியமல்ல, எண்ணிக்கைதான் முக்கியம். இது பிடிபடாதவரை "நேற்று போட்ட ஆர்எம் (லினக்ஸில் கோப்பை அழிக்கும் கட்டளை) இன்னும் ஓடுகிறது" என்ற புலம்பல் ஓயாது.

இந்த வழிகாட்டி லினக்ஸ் கிளையன்ட்கள் (சர்வரைப் பயன்படுத்தும் மெஷின்கள்) என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகவும், விண்டோஸ் கிளையன்ட்கள் எஸ்எம்பி என்ற நெறிமுறை வழியாகவும் பயன்படுத்தும் பெரிய நாஸ் சர்வர்களுக்கானது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நெட்ஆப் நிறுவனத்தின் நாஸ் மென்பொருளான ஓன்டாப்பிலிருந்து வருகின்றன. மற்ற நிறுவனங்களின் பெட்டிகளிலும் அடிப்படை இதுவே.

ஏன் இவ்வளவு நேரம்?

என்எஃப்எஸ் 3-இல் கிளையன்ட் ஒரு கோப்பை அழிக்க, முதலில் பெயரைத் தேடச் சொல்லி ஒரு அழைப்பு, பிறகு நீக்கச் சொல்லி ஒரு அழைப்பு என்று வழக்கமாக இரண்டு முறை சர்வரிடம் போய்வர வேண்டும். ஒரு அழைப்புக்கு அரை மில்லிநொடி என்றால் கோப்புக்கு 1 மில்லிநொடி. 1 கோடி கோப்புக்கு 10,000 நொடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம். இது சர்வர் சும்மா இருக்கும்போது வரும் கணக்கு. பகலில் சுமை ஏறி அழைப்புக்கு 5 மில்லிநொடி ஆனால் அதே வேலை 28 மணி நேரத்துக்கு நீளும். வேறு ஊர் அலுவலகத்திலிருந்து 20 மில்லிநொடி தாமதமுள்ள இணைப்பில் ஓட்டினால் நாலரை நாளுக்கு மேல். ஆகவே முதல் விதி: அழிக்கும் கட்டளையை ஸ்டோரேஜுக்குப் பக்கத்தில், அதே டேட்டா சென்டரில் இருக்கும் மெஷினில் ஓட்டுங்கள்.

சர்வர் பக்கத்திலும் வேலை உண்டு. ஒவ்வொரு நீக்கமும் டைரக்டரியை மாற்றி, ஐநோடை (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) விடுவித்து, ஜர்னலில் (மாற்றங்களின் குறிப்பேடு) பதிவாகி, பிறகே "ஆயிற்று" என்ற பதில் வருகிறது. அதே சர்வரில் வேலை செய்யும் மற்றவர்கள் கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் செய்யும் அழைப்புகள் இதே வரிசையில்தான் நிற்கின்றன. பெரிய அழிப்பு ஓடும்போது "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்று டிக்கெட் வருவது இதனால்தான்.

படி 1: எதை அழிக்கப் போகிறோம்?

பட்டியல் இல்லாமல் தொடங்காதீர்கள். டைரக்டரி வாரியாகக் கோப்புகளின் எண்ணிக்கை, மொத்த அளவு, உரிமையாளர் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். உரிமையாளர் வேலையை விட்டுப் போயிருந்தால் அவருடைய துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் சட்டமும் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கு நடக்கும் விஷயம் என்றால் சட்டத் துறையைக் கேட்காமல் ஒரு கோப்பையும் தொடக் கூடாது.

"பழைய கோப்பு" என்பதை எப்படி முடிவு செய்வது? இங்குதான் பலர் தவறுகிறார்கள். கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் எம்டைம். கோப்பின் உரிமை, பெயர், அனுமதி உட்பட எது மாறினாலும் மாறுவது சிடைம். கடைசியாகப் படித்த நேரம் ஏடைம். ஏடைமை நம்ப வேண்டாம். பல வால்யூம்களில் (சர்வரில் தனியாகப் பிரித்த சேமிப்புப் பகுதிகள்) அதைப் பதிவதே நிறுத்தப்பட்டிருக்கும், இல்லாவிட்டாலும் வைரஸ் ஸ்கேனரும் பேக்கப்பும் அதைக் கலைத்துவிட்டிருக்கும். எம்டைமை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. நேற்று வேறு சர்வரிலிருந்து நேரத்தைப் பாதுகாத்து நகலெடுத்த கோப்புக்கு எம்டைம் 2015 என்றே இருக்கும். எம்டைம், சிடைம் இரண்டும் வரம்பைத் தாண்டியிருந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள்.

கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் '-எம்டைம் +90' என்றால் முழுதாக 90 நாளுக்கு மேல், அதாவது குறைந்தது 91 நாள். தணிக்கைக்காரர் ஒரு நாள் வித்தியாசத்தைப் பிடிப்பார்.

படி 2: ஸ்னாப்ஷாட் கணக்கைப் போடுங்கள்

இடத்தை மீட்பதற்காகத்தான் அழிக்கிறோம் என்றால், இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்னாப்ஷாட் என்பது வால்யூமின் ஒரு நேரத்து நிலையை அப்படியே காக்கும் பதிவு. அது பிடித்து வைத்திருக்கும் பிளாக்குகள் (டிஸ்க்கின் துண்டுகள்) கோப்பை அழித்தாலும் விடுபடாது. 10 டிபி வால்யூமில் 4 டிபி அழிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஓன்டாப்பில் வழக்கமான ஸ்னாப்ஷாட் ஒதுக்கீடு 5 சதவீதம், அதாவது 500 ஜிபி. மீதி ஏறத்தாழ 3.5 டிபி, ஒதுக்கீட்டைத் தாண்டி வழிந்து சாதாரண இடத்தையே தின்னும். இரவெல்லாம் அழித்துவிட்டு, காலையில் டிஎஃப் (இடத்தைக் காட்டும் கட்டளை) போட்டால் பயன்படுத்திய இடம் அரை டிபிதான் குறைந்திருக்கும்.

ஓன்டாப்பின் இயல்பான அட்டவணை மணிக்கொன்றாக 6, நாளுக்கொன்றாக 2, வாரத்துக்கொன்றாக 2 ஸ்னாப்ஷாட்களை வைத்திருக்கும். அப்படியானால் அழித்த இடம் முழுதாகத் திரும்ப 2 வாரம் வரை ஆகும். ரெப்ளிகேஷனுக்காக (வேறு சர்வருக்கு நகல் அனுப்புவது) வைத்த ஸ்னாப்ஷாட், பேக்கப் மென்பொருள் எடுத்த ஸ்னாப்ஷாட் இவற்றுக்குத் தனிக் கணக்கு. எந்த ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் வசதி ஓன்டாப்பிலேயே உண்டு. தனித்தனியாகக் கேட்காமல், நீக்க நினைக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே பிளாக்கைப் பல ஸ்னாப்ஷாட்கள் பகிர்வதால் தனித்தனித் தொகைகளைக் கூட்டினால் சரியாக வராது.

அதற்காக எல்லா ஸ்னாப்ஷாட்டையும் முன்கூட்டியே நீக்கிவிடாதீர்கள். தவறாக அழித்தால் திரும்ப எடுக்க இருக்கும் வேகமான வழி அதுதான். வேலைக்கு முன்பு கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், பெயரிலேயே நீக்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். கையால் எடுத்ததை அட்டவணை நீக்காது. மறந்துவிட்டால் அது மாதக்கணக்கில் டெராபைட்களைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். வால்யூமில் ஸ்னாப்ஷாட் ஆட்டோடெலீட் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் நெருங்கியதும் நீங்கள் நம்பியிருக்கும் ஸ்னாப்ஷாட்டையே அது சொல்லாமல் நீக்கிவிடும்.

வால்யூம் முழுக்க நிரம்பிவிட்ட பின் அழிக்கத் தொடங்குவது இன்னொரு தலைவலி. இசட்எஃப்எஸ் போன்ற, பழைய பிளாக்கின் மேல் எழுதாத ஃபைல் சிஸ்டங்களில் அழிப்பதற்கே கொஞ்சம் புது இடம் தேவை. இடமே இல்லையென்றால் அழிக்கும் கட்டளையும் "இடமில்லை" என்று நின்றுவிடும். 90 சதவீதத்தைத் தொடும்போதே வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: முதலில் ஒதுக்கிவையுங்கள், அப்புறம் அழியுங்கள்

ஒரு டைரக்டரிக்குள் 1 கோடி கோப்பு இருந்தாலும், அதன் பெயரை மாற்றுவது ஒரே ஒரு செயல். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதே வால்யூமில், நிர்வாகிக்கு மட்டும் அனுமதியுள்ள ஒரு டைரக்டரியை உருவாக்கி, அழிக்க வேண்டிய டைரக்டரிகளை அதற்குள் நகர்த்துங்கள். 7 நாள் காத்திருங்கள். யாருடைய இரவு வேலையாவது உடைந்தால், அந்த வாரத்துக்குள் ஆள் வந்துவிடுவார். திரும்ப நகர்த்தினால் முடிந்தது, ரீஸ்டோர் தேவையில்லை. மாத இறுதி, காலாண்டு இறுதி வேலைகள் ஓடும் இடம் என்றால் அந்தத் தேதி தாண்டும்வரை காத்திருங்கள்.

இதில் ஒரு பொறி: நகர்த்துவது அதே வால்யூமுக்குள், ஓன்டாப்பில் அதே க்யூட்ரீக்குள் (வால்யூமின் உட்பிரிவு) இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் நகர்த்தும் எம்வி கட்டளை பெயரை மாற்றாது, ஒவ்வொன்றாக நகலெடுத்து மூலத்தை அழிக்கும். இடம் இல்லாத வால்யூமை மேலும் நெருக்கும் வேலை அது. ஒரு நொடியில் முடியாவிட்டால் உடனே நிறுத்திவிட்டு எல்லையைச் சரிபாருங்கள்.

படி 4: எந்த வழியில் அழிப்பது?

*வால்யூமையே நீக்குவது.* உள்ளே இருப்பது எல்லாமே தேவையற்றது என்றால் கோப்புகளைத் தொடவே வேண்டாம். வால்யூமை மவுன்ட்டிலிருந்து (கிளையன்ட்கள் அதைக் காணும் இணைப்பு) எடுத்து, ஆஃப்லைன் ஆக்கி, நீக்குங்கள். கோப்பு எத்தனை இருந்தாலும் நேரம் ஒன்றுதான். ஓன்டாப் நீக்கிய வால்யூமை இயல்பாக 12 மணி நேரம் மீட்பு வரிசையில் வைத்திருக்கும். அதுவரை இடமும் திரும்பாது. அவசரமாக இடம் வேண்டும் என்றால் வரிசையிலிருந்து தனியாகத் துடைக்க வேண்டும், துடைத்துவிட்டால் பிறகு மீட்பு கிடையாது. 10-இல் 9 பங்கு குப்பை என்றால், நல்ல 1 பங்கைப் புது வால்யூமுக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதை நீக்குவதே பெரும்பாலும் வேகமான வழி.

*சர்வரே அழிப்பது.* கிளையன்ட் ஒவ்வொரு கோப்புக்கும் போய்வருவதைத் தவிர்க்கும் வசதி இப்போது பெரிய நாஸ் சர்வர்களில் உண்டு. ஓன்டாப் 9.8 முதல் டைரக்டரியின் பாதையைக் கொடுத்து அசிங்க்-டெலீட் வேலையைத் தொடங்கலாம். ஒரே நேரத்தில் எத்தனை நீக்கம் என்று கட்டுப்படுத்தும் த்ராட்டில் இயல்பாக 5,000. வேலை நேரத்தில் ஓட்டினால் அதைக் குறைத்துத் தொடங்குங்கள். 9.11.1 முதல், நிர்வாகி அனுமதித்தால், கிளையன்ட் ஒரு குறிப்பிட்ட டைரக்டரிக்குள் நகர்த்துவதே அழிப்பாகிவிடும். டெல் நிறுவனத்தின் பவர்ஸ்கேல் நாஸில் ட்ரீடெலீட் என்ற ஜாப் இதைச் செய்கிறது. கோடிக்கணக்கில் என்றால் இதுதான் என் முதல் தேர்வு. "90 நாளுக்கு மேற்பட்டவை மட்டும்" என்று இது வடிகட்டாது, டைரக்டரி முழுதாகப் போகும். படி 3-இல் ஒதுக்கிவைத்ததன் பலன் இங்கே தெரியும்.

*லினக்ஸ் கிளையன்டிலிருந்து.* வேறு வழியில்லை என்றால் இது. நட்சத்திரக் குறி போட்டு ஆர்எம் ஓட்டினால் "ஆர்குமென்ட் பட்டியல் மிக நீளம்" என்று ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) மறுக்கும். லினக்ஸில் அந்த வரம்பு வழக்கமாக 2 எம்பி. எல்எஸ் (பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பார்க்கவும் வேண்டாம். எல்லாப் பெயரையும் வாங்கி வரிசைப்படுத்திய பிறகே அது காட்டத் தொடங்கும். வரிசைப்படுத்தாமல் காட்டும் சிற்றெழுத்து '-எஃப்' விருப்பத்தைச் சேருங்கள்.

ஃபைண்டில் '-டெலீட்' சொல்லைக் கடைசியில்தான் போட வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாக நிபந்தனைகளைப் பார்க்கிறது. முதலில் '-டெலீட்' வந்தால், வயதையும் பெயரையும் பார்க்காமலே அழித்துவிடும். '-டெலீட்' போட்டதுமே ஃபைண்ட் உள்ளிருந்து வெளியே வரும் முறைக்கு மாறிவிடும், அந்த முறையில், ஒரு கிளையை விலக்கும் '-ப்ரூன்' வேலை செய்யாது. ஸ்னாப்ஷாட் டைரக்டரியையோ முக்கியமான ஒரு கிளையையோ ப்ரூன் போட்டு விலக்கிவிட்டதாக நினைத்திருப்பீர்கள், அது விலகியிருக்காது. எனவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் ப்ரூனோடு, வேறு மவுன்ட்டுக்குள் போகாமல் தடுக்கும் '-எக்ஸ்டெவ்'வும் சேர்த்து, பெயர்களை '-பிரின்ட்0' வடிவில் (பெயர்களுக்கு நடுவே பூஜ்ய எழுத்து) ஒரு பட்டியலாக எழுதுங்கள். பட்டியலை மனிதக் கண் பார்க்கட்டும். பிறகு அதை, பட்டியலிலுள்ள பெயர்களை ஆர்எம்முக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையின் '-0' விருப்பத்துக்கு ஊட்டுங்கள். சாதாரண வரிப் பட்டியல் கூடாது. பெயரில் இடைவெளி உள்ள ஒரே கோப்பு உங்கள் கட்டளையை வேறு எங்கோ கொண்டுபோய்விடும்.

இணையாக ஓட்டுவதில் பலரும் அறியாத நுணுக்கம் ஒன்று. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு கோப்பை நீக்கும்போது, அது இருக்கும் டைரக்டரியைப் பூட்டிவிடுகிறது. என்எஃப்எஸ்ஸில் சர்வரின் பதில் வரும்வரை அந்தப் பூட்டு இருக்கும். ஒரே டைரக்டரிக்குள் 16 ஆர்எம் விட்டாலும் அந்த மெஷினில் ஒவ்வொன்றாகத்தான் போகும். வேகம் கூட வேண்டும் என்றால் வேலையை டைரக்டரி வாரியாகப் பிரியுங்கள்: 2-ஆம் அடுக்கு டைரக்டரிகளைப் பட்டியலிட்டு, எக்ஸ்ஆர்க்ஸின் பெரிய எழுத்து '-பி' விருப்பத்தில் 8 என்று கொடுத்து, ஒன்றுக்கொரு ஆர்எம் ஓட்டுங்கள். 50 லட்சம் கோப்பும் ஒரே தட்டையான டைரக்டரியில் கிடந்தால் பட்டியலைத் துண்டுகளாக்கிப் பல மெஷின்களில் ஓட்டலாம், அல்லது சர்வரிடமே விட்டுவிடலாம். கெர்னல் 5.3 முதல் கிடைக்கும் 'என்கனெக்ட்' மவுன்ட் விருப்பம் இணைப்புகளைக் கூட்டுமே தவிர இந்தப் பூட்டைத் திறக்காது.

காலி டைரக்டரியை வைத்து ஆர்சிங்க் (இரு டைரக்டரிகளை ஒன்றுபோல் ஆக்கும் கருவி) போட்டால் மின்னல் வேகம் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதை லோக்கல் டிஸ்க்குக்கானது. என்எஃப்எஸ்ஸில் அதுவும் கோப்புக்கு ஒரு நீக்க அழைப்பு அனுப்பித்தான் ஆக வேண்டும், அதையும் ஒற்றை வரிசையில்.

*விண்டோஸிலிருந்து.* எக்ஸ்ப்ளோரரில் டெலீட் அழுத்த வேண்டாம், கணக்கெடுப்பதிலேயே மணிக்கணக்கு போகும். ஷேரில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் டைரக்டரியை நீக்கும் ஆர்எம்டிர், '/எஸ் /க்யூ' போதும். பாதை 260 எழுத்தைத் தாண்டி அது முரண்டு பிடித்தால், காலி ஃபோல்டரை மூலமாக வைத்து ரோபோகாப்பி '/எம்ஐஆர்' (இலக்கை மூலத்தைப் போல் ஆக்கும் விருப்பம்) ஓட்டுங்கள். அதில் '/ஆர்:0 /டபிள்யூ:0' கட்டாயம். இயல்பில் ரோபோகாப்பி தோற்ற கோப்பை 30 நொடி இடைவெளியில் 10 லட்சம் முறை மறுபடி முயலும், யாரோ திறந்துவைத்த ஒரே எக்செல் கோப்பில் வேலை உறைந்து நிற்கும். வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் ஜங்ஷன்களைத் தவிர்க்க '/எக்ஸ்ஜே' சேருங்கள். முதலில் '/எல்' போட்டு, எதை அழிக்கும் என்று மட்டும் காட்டச் சொல்லுங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறினால், அழிவதற்குப் பதில் எல்லாம் காலி ஃபோல்டருக்கு நகலாகும்.

படி 5: ஸ்கிரிப்டுக்குக் கடிவாளம்

2021 டிசம்பர் 14 முதல் 16 வரை கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டர் ஸ்டோரேஜில் 77 டிபி அளவில், ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள், அவற்றில் 4 குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. காரணம், பழைய லாக்குகளை அழிக்கும் சின்னஞ்சிறு பேக்கப் ஸ்கிரிப்ட். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாறிகளின் பெயரை மாற்றிய புதுப் பதிப்பை, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேலேயே எழுதிவிட்டார்கள். பாஷ் ஷெல் ஸ்கிரிப்டை முழுவதுமாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓடஓடப் படிக்கிறது. நடுவிலிருந்து புதுப் பதிப்பைப் படித்தபோது மாறி காலியாக இருந்தது, ஃபைண்ட் லாக் டைரக்டரிக்குப் பதில் ஆய்வுத் தரவைப் பிடித்துக்கொண்டது.

இதிலிருந்து 3 பழக்கங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே 'செட் -யூ' இருக்க வேண்டும், மதிப்பு ஒதுக்கப்படாத மாறி வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். புதுப் பதிப்பை வேறு பெயரில் எழுதி, எம்வி மூலம் இடம் மாற்றுங்கள். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஷெல் பழைய கோப்பையே பிடித்திருக்கும். அழிக்கும் பாதை எதிர்பார்த்த முன்னொட்டில் தொடங்குகிறதா, குறைந்தது 4 அடுக்கு ஆழம் இருக்கிறதா என்று அழிப்பதற்கு முன் ஸ்கிரிப்டே சரிபார்க்கட்டும்.

படி 6: ஓடும்போது

தொடங்குவதற்கு முன் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். ரேன்சம்வேர் கண்காணிப்பு மென்பொருளுக்கு உங்கள் வேலையும் தாக்குதல் போலவே தெரியும், சில மென்பொருள்கள் உங்கள் கணக்கையே முடக்கிவிடும். கோப்பு ஆடிட்டிங் இயக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு அழிப்பும் ஒரு பதிவு. 1 கோடி பதிவுக்கு ஆடிட் வால்யூமில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4 இணை வேலைகளோடு தொடங்கி, 10 நிமிடம் வால்யூமின் லேடென்சி எனும் பதில் தாமதத்தைக் கவனித்து, 8, 16 என்று கூட்டுங்கள். வழக்கமாக 1 மில்லிநொடி இருக்கும் இடத்தில் 3-ஐத் தொட்டால் கூட்டுவதை நிறுத்துங்கள். எக்ஸ்ஆர்க்ஸை நிறுத்தாமலே கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு: குனு எக்ஸ்ஆர்க்ஸுக்கு யூஸர்1 சிக்னல் அனுப்பினால் இணை வேலை ஒன்று கூடும், யூஸர்2 அனுப்பினால் ஒன்று குறையும். அவசரத்துக்கு, ஓடும் ஆர்எம்களுக்கு ஸ்டாப் சிக்னல் கொடுத்து நிறுத்தி, பிறகு கன்ட் சிக்னலில் தொடரலாம். டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கும் ஐஓநைஸ் இங்கே பயன்படாது, அது லோக்கல் டிஸ்க்கின் வரிசையை மட்டுமே பார்க்கும்.

ரூட்டாக (லினக்ஸின் முழு அதிகாரக் கணக்கு) ஓட்டியும் "அனுமதி இல்லை" என்று வந்தால் அது ரூட் ஸ்குவாஷ். சர்வர் உங்கள் ரூட்டை யாரோ ஒரு சாதாரண யூஸராக மாற்றிவிடுகிறது. நிர்வாக மெஷினுக்கு மட்டும் எக்ஸ்போர்ட் விதியில் (எந்த மெஷினுக்கு என்ன அனுமதி என்ற விதி) விலக்கு கொடுத்து, வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். கோப்பின் அனுமதியை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அழிப்பதற்குத் தேவை, அதைத் தாங்கும் டைரக்டரியில் எழுதும் அனுமதி.

படி 7: முடிந்த பிறகு

டைரக்டரி காலியாகத் தெரிந்தும் "காலியாக இல்லை" என்று ஆர்எம்டிர் மறுத்தால், புள்ளி என்எஃப்எஸ் என்று தொடங்கும் மறைந்த கோப்புகளைத் தேடுங்கள். யாரோ திறந்துவைத்திருக்கும் கோப்பை அதே மெஷினிலிருந்து அழித்தால், கிளையன்ட் அதை நீக்காமல் இப்படிப் பெயர் மாற்றி வைக்கும். அந்த மெஷினில் எல்எஸ்ஓஎஃப் போட்டு, எந்தப் ப்ராசஸ் என்று கண்டுபிடித்து மூடினால் தானாகவே போய்விடும். மெஷின் செயலிழந்து அநாதையாகிவிட்டவை என்றால், ஒரு வாரத்துக்கு மேல் பழையவற்றைக் கையால் அழிக்கலாம். அழிப்பும் பட்டியலிடுவதும் ஒன்றாக ஓடினால் சில பெயர்கள் விடுபடுவது வழக்கம், இரண்டாம் முறை ஓட்டுங்கள்.

இடம் திரும்பவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ஸ்னாப்ஷாட். அடுத்து, மீட்பு வரிசையில் நிற்கும் வால்யூம். அடுத்து ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்குப் பல பெயர்), கடைசிப் பெயரும் போனால்தான் பிளாக் விடுபடும். பிறகு டீடூப் (ஒரே மாதிரி பிளாக்குகளை ஒருமுறை மட்டும் வைப்பது), அழித்த கோப்பின் பிளாக்குகளை வேறு கோப்புகள் பகிர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. மிகப் பெரிய கோப்புகளை ஓன்டாப் பெயரை மட்டும் உடனே எடுத்துவிட்டு, பிளாக்குகளைப் பின்னணியில் மெதுவாக விடுவிக்கும். அதற்கு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

50 லட்சம் கோப்பு இருந்த டைரக்டரி காலியான பின்னும் தடித்தே இருக்கும். ஓன்டாப்பிலும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்திலும் டைரக்டரி தானாகச் சுருங்காது, காலி டைரக்டரியில் எல்எஸ் பல நொடி எடுக்கும். புது டைரக்டரி உருவாக்கி, உரிமையையும் அனுமதியையும் அப்படியே வைத்து, பழையதை நீக்கிப் பெயர் மாற்றுங்கள்.

அடுத்த சுழற்சிக்கு, அப்ளிகேஷன் குழுவிடம் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: தற்காலிகக் கோப்புகளை ஆண்டு, மாதம், நாள் என்ற டைரக்டரி அமைப்பில் எழுதட்டும், ஒரு டைரக்டரிக்குள் 1 லட்சத்துக்கு மேல் வேண்டாம். ஸ்க்ராட்ச் (தற்காலிகத்) தரவுக்கு மாதம் ஒரு வால்யூம், அதில் ஸ்னாப்ஷாட் அட்டவணை கிடையாது, ஒதுக்கீடு 0 சதவீதம். காலம் முடிந்ததும் அந்த மாதத்து வால்யூமை நீக்கினால் போதும், ஃபைண்டுக்கு அங்கே வேலை இருக்காது.